1742 என்று பலகை மாட்டிய மர வீட்டை நம்பலாமா?

கேள்வி இது: பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரில் புதிதாகக் குடியேறியிருக்கிறீர்கள். அடுத்த தெருவில் ஒரு மர வீடு. வாசலுக்கு மேல் சின்னதாக ஒரு பலகை, அதில் முதல் உரிமையாளரின் பெயர், அவர் செய்த தொழில், கீழே 1742. தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வருகிற சுவர் எப்படி முந்நூறு வருஷத்தை நெருங்கும், அந்த வருஷம் உண்மைதானா, அப்படி ஒரு வீடு விலைக்கு வந்தால் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நிற்கும். இதைவிட நூறு வருஷம் மூத்த மர வீடே உங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. பலகையில் உள்ள வருஷத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் வீட்டின் எந்தப் பகுதிக்கு அந்த வருஷம் என்று பலகை சொல்லாது. பாஸ்டனைச் சுற்றியுள்ள அமெரிக்க வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பழைய வீடு ஒரே மூச்சில் கட்டி முடித்ததாக இருப்பது அபூர்வம். தாத்தா கட்டியதற்குப் பின்னால் மகன் ஒரு சமையலறை ஒட்டினார், பேரன் கூரையை உயர்த்தினார், அடுத்து வாங்கியவர் வாசலை மாற்றினார் என்று போகும். முகப்பைப் பார்த்துக் காலம் சொன்னால் பேரனின் காலத்தைத்தான் சொல்வோம். பார்க்க வேண்டியது புகைபோக்கி, உத்தரம், ஆணி.

இதற்கு நல்ல உதாரணம் பாஸ்டன் நார்த் எண்டில் இருக்கும் பால் ரிவியர் வீடு. 1775 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை புறப்பட்டுவிட்டது என்று இரவோடு இரவாகக் குதிரையில் போய்ச் சொன்னாரே, அந்த வெள்ளி வேலைக்காரர் வாழ்ந்த வீடு. கட்டியது 1680 வாக்கில். ரிவியர் அதை வாங்கியது 1770இல். அவர் வாங்குவதற்கு முன்பே தெருப்பக்கக் கூரையை உயர்த்தி மூன்றாவது மாடி போட்டுவிட்டிருந்தார்கள். அவர் விற்றுவிட்டுப் போன பிறகு, 19ஆம் நூற்றாண்டில், மேலே குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு வாடகை அறைகள், கீழே கடைகள் என்று ஆகிவிட்டது. இடித்துவிடுவார்களோ என்று பயந்து 1902இல் அவருடைய கொள்ளுப்பேரன் வாங்கினார். ஜோசப் சாண்ட்லர் என்ற கட்டடக் கலைஞர் அதைச் சீரமைத்து, 1908இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சாண்ட்லர் என்ன செய்தார் என்றால், தெருப்பக்க மூன்றாவது மாடியை எடுத்துவிட்டு, வீட்டை 1680இன் தோற்றத்துக்குக் கொண்டுபோனார். ஆக இன்று வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி நாம் பார்க்கும் முகப்பு ரிவியர் ஒருநாளும் பார்க்காத முகப்பு! உள்ளே இருக்கும் பெரிய உத்தரங்கள் பழையவைதான். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சாண்ட்லர் கை வைக்காமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் இன்று ஒரு செங்கல் அடுக்குமாடி நின்றிருக்கும். ஆனால் எந்த வருஷத்து வீடு என்ற கேள்விக்கு அங்கே ஒற்றைப் பதில் கிடையாது.

நூறு வருஷம் மூத்த வீடு என்று சொன்னது டெடம் ஊரில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் வீடு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து வந்த ஜோனதன் ஃபேர்பேங்க்ஸ் என்பவருக்காகக் கட்டியது. உத்தரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1637 முதல் 1641க்குள் வெட்டிய மரம் என்று தெரிந்தது. வட அமெரிக்காவில் மரச்சட்டகத்தில் கட்டி இன்றும் நிற்கும் வீடுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதே குடும்பம் அங்கே குடியிருந்தது, எட்டுத் தலைமுறை. கூரை நடுவில் தொய்ந்து, சுவர்கள் சற்றே சாய்ந்து, இரு பக்கமும் பிற்கால ஒட்டு அறைகளோடு நிற்கிறது. அழகான வீடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் ஒரு வீட்டைத்தான் போய்ப் பார்க்க முடியும் என்றால் அதைப் பாருங்கள்.

வளையம் எண்ணுவது எப்படி என்றால், பென்சில் கனத்துக்கு உத்தரத்திலிருந்து ஒரு துண்டைத் துளைத்து எடுப்பார்கள். மழை நன்றாகப் பெய்த வருஷம் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட வருஷம் ஒடுங்கியிருக்கும். அந்த வரிசையை அந்த வட்டாரத்து மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டால் கடைசி வளையம் எந்த வருஷம் என்று கிடைத்துவிடும். பட்டைக்கு அடியில் உள்ள வெளிப்பக்க வளையம் உத்தரத்தில் மிச்சமிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குத்துமதிப்புதான். அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்தை உலர வைத்துக் காத்திருக்கவில்லை. பச்சை மரத்தில்தான் துளை போடுவது சுலபம். குளிர்காலத்தில் வெட்டி, அடுத்த ஓரிரு வருஷத்துக்குள் ஏற்றிவிடுவார்கள். அதனால் வெட்டிய வருஷத்தைக் கட்டிய வருஷமாகவே கொள்ளலாம்.

சரி, மரம் எப்படி இத்தனை காலம் தாங்கியது?

நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்களில் நிறையப் பேர் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிக்காரர்கள். அங்கே ஓக் மரத்தில் சட்டகம் எழுப்பி இடையில் மண் பூசி வீடு கட்டுவது வழக்கம். இங்கே வந்து பார்த்தால் காடு முடிவே இல்லாமல் கிடக்கிறது, சுண்ணாம்புக்குத்தான் பஞ்சம். அதனால் தெரிந்த முறையிலேயே கட்டினார்கள். ஓர் அடிக்குக் கிட்டத்தட்ட அகலமான ஓக் தூண்கள், குறுக்கே உத்தரங்கள். உத்தர முனையில் நாக்கு செதுக்கி, தூணில் துளை வெட்டி, செருகி, குறுக்காக ஒரு மர முளையை அடித்து இறுக்கிவிடுவது. ஆணியே இல்லாமல் கழற்றி மாட்டக்கூடிய நம் பழைய கட்டில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டகம் முழுவதையும் தரையில் படுக்க வைத்துப் பொருத்திப் பார்த்து, எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று உளியால் அடையாளம் வெட்டி, பிறகு கழற்றி, ஊரே கூடி நிமிர்த்துவார்கள். அந்த அடையாளங்கள் ரோமன் எண்களில் இருக்கும். உளியால் வளைவு வெட்டுவது கஷ்டம், நேர்கோடு சுலபம். பரணில் ஏறி டார்ச் அடித்தால் கைமரங்களின் கால்பக்கத்தில் இரண்டு கோடு, மூன்று கோடு, ஒரு பெருக்கல் குறி என்று இன்றும் தெரியும்.

மண் பூச்சு இங்கிலாந்தில் தாக்குப்பிடித்தது, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளிரில் உறைந்து உதிர்ந்தது. அதற்கு மேல் மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி கிடைமட்டமாக அடித்து மூடினார்கள். அதுதான் இன்று நீங்கள் எங்கும் பார்க்கும் கிளாப்போர்டு. வீட்டின் ஆயுளுக்கே காரணம் இந்த ஏற்பாடுதான் என்பேன். மழையும் வெயிலும் பலகையோடு நின்றுவிடுகின்றன. பலகை உளுத்தால் அந்த ஒரு பலகையைப் பிடுங்கிப் புதிதாக அடித்தால் போதும், உள்ளே சட்டகத்துக்கு ஒன்றும் ஆகாது. சுவருக்குள் காற்று போய்வந்துகொண்டே இருந்ததால் உள்ளே இறங்கிய ஈரமும் காய்ந்துவிட்டது. குளிரில் நடுங்கினார்கள், உண்மைதான், ஆனால் மரம் பிழைத்துக்கொண்டது.

இந்த ஏற்பாட்டில் பலவீனமான இடம் ஒன்று உண்டு. கல் அடித்தளத்தின் மேல் படுக்க வைத்து, தூண்கள் எல்லாம் மேலே நிற்கும் அடிக்கட்டை. தரை ஈரம் முதலில் ஏறுவது அதில்தான். அதனால் பழைய வீடுகளில் அடிக்கட்டையின் ஒரு பகுதியையாவது எப்போதோ மாற்றியிருப்பார்கள். ஜாக்கி வைத்து வீட்டைக் கொஞ்சம் தூக்கி, உளுத்த துண்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டைச் செருகுவது இன்றும் செய்கிற வேலைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படிக் கட்டவில்லை. கூலிக்காரர்களும் அடிமைகளும் இருந்த குடிசைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மிஞ்சியவை வசதியானவர்கள் நல்ல மரத்தில் நல்ல தச்சரை வைத்துக் கட்டியவை. அந்தக் காலத்தில் எல்லாமே உறுதி என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரமும் இன்று கிடைக்காது. நூற்றுக்கணக்கான வருஷம் அடர்காட்டில் மெதுவாக வளர்ந்த மரம் அது, வளையங்கள் நெருக்கி நெருக்கி இருக்கும். இன்றைக்குக் கடையில் வாங்கும் பைன் கட்டையின் வெட்டுமுகத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

உங்கள் தெரு வீட்டுக்கு வருவோம். முதலில் தெருவில் நின்று புகைபோக்கியைப் பாருங்கள். கூரையின் நட்டநடுவில் ஒரே ஒரு பருத்த புகைபோக்கி என்றால் பழைய அமைப்பு. உள்ளே அதைச் சுற்றித்தான் வீடே இருக்கும். வாசலைத் திறந்ததும் சின்ன இடைவெளி, எதிரே புகைபோக்கியின் முதுகை ஒட்டி ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு, ஒரு பக்கம் சமைத்துப் புழங்கும் அறை, மறுபக்கம் நல்ல அறை. இரண்டு அறைக்கும் கணப்பு அந்த ஒரே புகைபோக்கியில். பின்னால் சமையலறை ஒட்டும்போது கூரையை அப்படியே நீட்டித் தாழ்வாக இறக்கிவிடுவார்கள். முன்னால் இரண்டு மாடி, பின்னால் ஒரு மாடி. இந்த வடிவத்துக்கு உப்புப்பெட்டி வீடு என்று பெயர், சால்ட்பாக்ஸ். இரண்டு மாடிக்கான வரியை ஏமாற்ற இப்படிக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம், இடம் போதாமல் நீட்டியதுதான். மேல்மாடி தெருப்பக்கம் சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும் வீடுகளையும் பார்ப்பீர்கள், டாப்ஸ்ஃபீல்டில் உள்ள 1683ஆம் வருஷத்துப் பார்சன் கேபன் வீடு போல. அதிலிருந்து பூர்வகுடிகளைச் சுட்டார்கள் என்பதும் அதே ரகக் கதை. இங்கிலாந்தில் பழகிய வடிவத்தை இங்கேயும் கட்டினார்கள், வேறொன்றும் இல்லை.

வாசலுக்கு நேரே அகலமான கூடம், இரு பக்கமும் இரண்டிரண்டு அறை, புகைபோக்கியும் இரண்டு என்றால் அது ஜார்ஜியன் அமைப்பு. நியூ இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பணக்கார வீடுகளில் தொடங்கிப் பரவியது. 1742இல் இரண்டும் நடப்பில் இருந்தன. அதனால் அமைப்பை மட்டும் வைத்து உங்கள் பலகையைத் தள்ளிவிட முடியாது.

அடுத்து பேஸ்மென்ட்டும் பரணும். அலங்காரம் செய்தவர்கள் கை வைக்காத இடங்கள் இவை. உத்தரத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கோடாலியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிய மரத்தில் ஆழமில்லாத பள்ளங்கள் தட்டுப்படும். பலகையில் நேர்நேராகச் செங்குத்துக் கோடுகள் இருந்தால் தண்ணீர் விசையில் மேலும் கீழும் ஓடிய ரம்பம். கோடுகள் வில் போல வளைந்திருந்தால் வட்ட ரம்பம், அதாவது 1830களுக்கு முன்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1742 என்று சொல்லும் வீட்டின் பரணில் எல்லாப் பலகையிலும் வளைவுக் கோடு இருந்தால் கூரை பிற்காலத்தது.

ஆணி இன்னும் சுவாரசியம். கொல்லர் ஒவ்வொன்றாக அடித்த ஆணி நான்கு பக்கமும் ஒடுங்கிக் கூராகும், தலையில் சுத்தியல் பட்ட தட்டைகள் பூவிதழ் போல இருக்கும். 1790களில் இரும்புத் தகட்டிலிருந்து வெட்டும் இயந்திரங்கள் வந்தன. மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட்டைச் சேர்ந்த ஜேக்கப் பெர்கின்ஸ் 1795இல் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். வெட்டு ஆணி இரண்டு பக்கம் மட்டும் ஒடுங்கும், மற்ற இரண்டு பக்கம் இணையாக இருக்கும். 1880களுக்குப் பிறகு உருண்டைக் கம்பி ஆணி, இன்று நாம் வாங்குவது. பழைய ஆணி ஒன்று இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது, அந்தக் காலத்தில் ஆணியைப் பிடுங்கி நிமிர்த்தி மறுபடி அடிப்பார்கள். ஆனால் எந்த இடத்திலும் கையால் அடித்த ஆணி இல்லை என்றால் 1742 பற்றிச் சந்தேகப்படலாம்.

ஆணி என்றால் எனக்கு மான்டிசெல்லோ ஞாபகம் வராமல் இருக்காது. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் 1769இல் தொடங்கி, இடித்துத் திருத்தி, 1809 வரை கட்டிக்கொண்டே இருந்த செங்கல் மாளிகை. மேலே குவிமாடம், வாசலில் தூண்கள், இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மாளிகைக்குக் கீழே மல்பெரி ரோ என்ற பாதையில் பட்டறைகள். அங்கே 1794இல் ஜெஃபர்சன் ஓர் ஆணிப் பட்டறை போட்டார். உலைக்கு முன்னால் நின்று ஆணி அடித்தவர்கள் 10 முதல் 16 வயது வரையிலான அடிமைப் பையன்கள். ஒரு நாளைக்கு 8,000 முதல் 10,000 ஆணி. 1796இல் வெட்டு ஆணி இயந்திரம் ஒன்றும் வாங்கிச் சேர்த்தார். வீட்டுக்குள் இருக்கும் நுணுக்கமான மரவேலைகளில் ஒரு பங்கு ஜான் ஹெம்மிங்ஸ் என்ற அடிமைத் தச்சருடையது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கை நடத்திய பட்டறை அது. பழைய வீடுகளின் அழகைப் பேசும்போது யார் கட்டினார்கள் என்ற கேள்வியைப் பல காலம் கேட்காமலே விட்டிருந்தார்கள். இப்போது மான்டிசெல்லோவில் மல்பெரி ரோவையும் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள்.

ஜன்னலை வைத்துக் காலம் சொல்வது ஆபத்து. 17ஆம் நூற்றாண்டில் ஈயப் பட்டையில் கோத்த வைர வடிவச் சின்னக் கண்ணாடிகள். 18ஆம் நூற்றாண்டில் மேலும் கீழும் நகரும் ஜன்னல், மேல் சட்டத்தில் பன்னிரண்டு கண்ணாடி, கீழ் சட்டத்தில் பன்னிரண்டு. பெரிய கண்ணாடி செய்யத் தெரியத் தெரிய ஒன்பது, ஆறு, கடைசியில் இரண்டு என்று எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. ஆனால் வீட்டில் முதலில் மாற்றுவது ஜன்னலைத்தான். பழைய கண்ணாடியில் வெளியே பார்த்தால் மரங்கள் நெளிந்து தெரியும். கண்ணாடி திரவம், காலப்போக்கில் வழிந்து அப்படி ஆகிவிட்டது என்று பள்ளியில்கூடச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது தவறு. ஊதிச் செய்த நாளிலேயே அது நெளிவாகத்தான் இருந்தது.

வெள்ளை அடித்த பழைய வீடு என்றதும் நம் மனதில் வரும் படமும் பிற்காலத்தது. ஆரம்ப வீடுகள் பலவற்றில் வெளியே பெயின்டே இல்லை, மரம் கறுத்துப் பழுத்திருக்கும். அடித்தவர்கள் காவி, செம்மண் நிறங்களில் அடித்தார்கள். தெரு தெருவாக வெள்ளை வந்தது 1820களுக்குப் பிறகு, கிரேக்கக் கோயில் மாதிரி வீடு கட்டும் மோகம் பிடித்தபோது. பல விவசாயிகள் பழைய வீட்டின் வாசலில் மட்டும் இரண்டு தூண் ஒட்டி வெள்ளை அடித்து முடித்துக்கொண்டார்கள். முகப்பை நம்பாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

முகப்பு ஏமாற்றில் மன்னன் என்றால் அது ஜார்ஜ் வாஷிங்டன்தான். அவருடைய மவுன்ட் வெர்னன் வீடு தூரத்திலிருந்து பார்த்தால் கல் கட்டடம். கிட்டே போனால் பைன் பலகை. பலகையின் விளிம்புகளைச் சரித்துக் கல் அடுக்கு போல வெட்டி, ஈரப் பெயின்டின் மேல் மணலை வாரி இறைத்துக் கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவந்தார்கள். நாட்டின் முதல் ஜனாதிபதி வீட்டில் இப்படி என்றால் நம் பக்கத்து வீட்டுக்காரர் சிமென்ட் தூணுக்குக் கிரானைட் டிசைன் அடிப்பதில் என்ன தப்பு!

தெற்கைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பிரச்சினை குளிர் இல்லை, சூடு. அதனால் புகைபோக்கி நடுவிலிருந்து வீட்டின் இரு ஓரத்துக்குப் போய்விடும், பெரிய வீடுகளில் சமையலறையே தனிக் கட்டடம். சார்ல்ஸ்டனில் ஒரே அறை அகலத்துக்கு ஒல்லியாக வீடு கட்டி, தெருவுக்கு அதன் குறுகிய பக்கத்தைக் காட்டி, தெற்கோ மேற்கோ பார்த்த நீண்ட பக்கம் முழுவதும் வராந்தா வைத்திருப்பார்கள். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், வராந்தாவுக்குத்தான் போவீர்கள். அந்த வீடுகளின் சுவரில் இரும்பு வில்லைகள் தெரிந்தால் 1886 பூகம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்போன சுவர்களை உள்ளே நீள இரும்புக் கம்பி கோத்து இழுத்துக் கட்டிய முடிச்சுகள் அவை. தென்மேற்கில் நியூ மெக்சிகோவின் டாவோஸ் பியூப்லோ வேறு உலகம். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் பச்சை மண்கல்லில் கட்டிய அடுக்கு வீடுகள், இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய வீடு என்று பேசும்போது 1600களில் தொடங்குவது பழக்கத்தால் வந்த கோளாறு.

நீங்கள் வாங்கும் வீடு உண்மையில் 1742ஆக இருப்பதைவிட 1890ஆகவோ 1925ஆகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இவை வேறு ஜாதி. 1830களில் சிகாகோ பக்கம் ஆள் பற்றாக்குறை, ஊர் மட்டும் ஓட்டமாக வளர்கிறது. நாக்கும் துளையும் வெட்டத் தெரிந்த தச்சருக்கு எங்கே போவது? ரம்ப ஆலையில் ஒரே அளவில் மெல்லிய கட்டைகள் கிடைத்தன, இயந்திர ஆணி மலிந்துவிட்டது. இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டைகளை நெருக்கமாக நிறுத்தி, வெறும் ஆணி அடித்தே வீட்டை எழுப்பினார்கள். பலூன் சட்டகம் என்று பெயர். அடிக்கட்டையிலிருந்து கூரை வரை ஒரே கட்டை ஓடும். வேகம், மலிவு, எல்லாம் சரிதான், ஆனால் கட்டைகளுக்கு இடையில் உள்ள சந்து கீழிருந்து மேல் வரை திறந்தே கிடக்கும். பேஸ்மென்ட்டில் தீப்பிடித்தால் அந்தச் சந்தே புகைபோக்கியாகிப் பரணுக்குப் போய்விடும். 20ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு மாடியையும் தனித்தனித் தளமாகக் கட்டும் முறைக்கு மாறினார்கள். பழைய பலூன் வீட்டை வாங்கினால் அந்தச் சந்துகளை அடைத்திருக்கிறார்களா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இதன் உச்சம் சியர்ஸ் கம்பெனி தபாலில் விற்ற வீடு. 1908 முதல் 1940 வரை, பட்டியல் புத்தகத்தில் படம் பார்த்துப் பிடித்த வீட்டுக்குப் பணம் கட்டினால், கட்டை, கதவு, ஆணி, பெயின்ட் எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். ஏறத்தாழ 70,000 வீடுகள் இப்படி விற்றதாகக் கணக்கு. பல வீடுகளின் பேஸ்மென்ட் கட்டைகளில் எழுத்தும் எண்ணுமாக முத்திரை இருக்கும், எந்தக் கட்டை எங்கே என்று. 1680இல் தச்சர் உளியால் வெட்டிய ரோமன் எண் செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

இனி வாங்கலாமா என்ற கேள்வி. குழந்தை இருந்தால் முதல் கவலை ஈயப் பெயின்ட். வீட்டுக்கு ஈயப் பெயின்ட் அடிப்பதை அமெரிக்காவில் 1978இல்தான் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய எந்த வீட்டிலும் அது இருக்கலாம், விற்பவர் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் சொல்லியாக வேண்டும். மாசசூசெட்ஸில் சட்டம் இன்னும் கறார்: ஆறு வயதுக்குக் கீழே குழந்தை குடியிருந்தால் ஈய ஆபத்தைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. வாங்கிய பிறகு அந்த உரிமையாளர் நீங்கள்தான், அந்தச் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். நீங்களாகவே சுரண்டித் தேய்க்க உட்கார்ந்துவிடாதீர்கள், தூசிதான் விஷம்.

அப்புறம் மின்சாரம். பீங்கான் குமிழ்களில் தனித்தனியாக இழுத்த பழைய வயர்கள் பரணில் இன்னும் இருந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதே கஷ்டமாகிவிடும். பேஸ்மென்ட்டில் அடிக்கட்டையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், கேக்கில் இறங்குவதுபோல இறங்கினால் மாற்ற வேண்டிய கட்டை. தொய்ந்த தரைக்கு நான் பயப்பட மாட்டேன், முந்நூறு வருஷத் தொய்வு முந்நூறு வருஷமாகத் தாங்கிய தொய்வு. புதிதாக விரிந்த விரிசலுக்குப் பயப்படுவேன்.

நல்லெண்ணத்தில் செய்த சமீபத்திய வேலைகள்தான் பல நேரங்களில் பழைய வீட்டைக் கொல்கின்றன. வெளியே வினைல் உறை மாட்டி, சுவருக்குள் பஞ்சை அடைத்தால் கதகதப்பு வரும், ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் முன்பு காய்ந்துகொண்டிருந்த சுவர் ஈரம் கோத்து உள்ளே உளுக்கத் தொடங்கும். பழைய செங்கல்லுக்குச் சுண்ணாம்புக் காரை வேண்டும். கல்லைவிடக் கெட்டியான சிமென்ட் காரையை வைத்துப் பூசினால் ஈரம் காரை வழியாக வெளியேறாமல் செங்கல் வழியாக வரும், குளிரில் உறைந்து செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். எந்த கான்ட்ராக்டரை அழைத்தாலும் இந்தச் சுண்ணாம்புக் கேள்வியை முதலில் கேளுங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சட்டத்தில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. 1963இல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியது நாடெங்கும் அதிர்ச்சியைக் கிளப்பியது. 1966இல் தேசிய அளவில் வரலாற்றுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்து, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடு உருவானது. வீடு அந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்றால் சொந்தக் காசில் நீங்கள் என்ன மாற்றினாலும் மத்திய அரசு தடுக்காது. தடுக்கக்கூடியது உள்ளூர் வரலாற்று வட்டாரக் கமிஷன். 1931இல் சார்ல்ஸ்டன் முதலில் கொண்டுவந்த முறை அது. அந்த எல்லைக்குள் வீடு இருந்தால் தெருவிலிருந்து தெரியும் ஜன்னல், வேலி, சில இடங்களில் பெயின்ட் நிறம் வரை அனுமதி கேட்க வேண்டியிருக்கும். வட்டாரத்துக்கு வெளியே இருந்தாலும், மாசசூசெட்ஸின் பல ஊர்களில் பழைய வீட்டை இடிக்கக் கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் விதி உண்டு. வாசல் பலகைக்கு மட்டும் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. ஊர் வரலாற்றுச் சங்கம் ஆவணங்களைத் தேடிப் பார்த்து மாட்டுவது அது.

அந்தத் தேடலை நீங்களும் செய்யலாம். மாசசூசெட்ஸில் மாவட்டப் பத்திரப் பதிவகங்களில் 1600கள் வரைக்கும் பத்திரங்கள் இருக்கின்றன, நிறைய இணையத்திலேயே கிடைக்கும். இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். வெறும் நிலம் விற்ற பத்திரத்துக்கும், நிலமும் அதன்மேல் உள்ள குடியிருப்பு வீடும் என்று எழுதிய பத்திரத்துக்கும் நடுவில்தான் வீடு எழுந்திருக்கும். அப்போதும் ஒரு எச்சரிக்கை: பத்திரம் சொல்லும் வீடு எரிந்தோ இடிந்தோ போய் அதே இடத்தில் வேறொன்று எழுந்திருக்கலாம். மாடுகளைப் பூட்டி முழு வீட்டையும் வேறு மனைக்கு இழுத்துக்கொண்டு போவதும் அந்தக் காலத்தில் சாதாரணம். அதனால் பத்திரத்தையும் பரணையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் 1742ஐ நம்பலாம்.

விலை பேசுவதற்கு முன் ஊரின் வரலாற்றுக் கமிஷன் கூட்டத்துக்கு ஒரு மாலை போய் உட்காருங்கள், யார் வேண்டுமானாலும் போகலாம். எந்த ஜன்னலுக்கு அனுமதி கொடுக்கிறார்கள், எதற்கு இழுத்தடிக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். அடிக்கட்டை மாற்றத் தெரிந்த தச்சர் யார் என்பதும் அங்கே விசாரித்தால் கிடைக்கும்.